துட்டிக்குக் கொடுத்த கை

அறுபத்தெட்டாம் வருஷம் பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஓர் ஒற்றை அறையில் இருந்தான் கணேசபாண்டியன். ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை. இருபத்தெட்டு வயதுக்குள் முன்மண்டை முழுக்க வழுக்கை. பெண் பார்க்கப் போன வீட்டில் அவனிடமே, "மாப்பிள்ளை எப்பம் வருவாரு?" என்று கேட்டுவிட்டார்கள். அது அவனைத் தின்றுகொண்டே இருந்தது.

அந்த டாக்டர் வெளிநாட்டில் புதுவித்தை கற்று வந்தவர். பின்மண்டையிலிருந்து முடியோடு தோலைப் பொட்டுப் பொட்டாக எடுத்து முன்னால் நட்டுக் காட்டுகிறேன் என்றதும், இவன் தலையைக் கொடுத்துவிட்டான்.

நட்ட இடமெல்லாம் பொருக்குத் தட்டியது. நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. எண்ணெய் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தாடியும் மழிக்காமல், வேலைக்கும் போகாமல் கிடந்தான். பொதுக்குழாய்க்குப் போனாலும் குனிந்த தலை நிமிராமல் திரும்பினான்.

கேம்ப் சும்மா இருக்குமா? ஊரில் தகப்பன் செத்து, ரயிலேறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதவர்கள் பம்பாயிலேயே மொட்டை போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். மூடிய தலை, வீங்கிய கண், தாடி. இதற்கு மேல் யாருக்குத் தந்தி வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகத் துட்டி விசாரிக்க வந்துவிட்டார்கள்.

"ஏல, ஒத்தையில கெடந்து அழுதிருக்கியே. அய்யா போன சேதிய எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்று பக்கத்து வீட்டுப் பிச்சையா இரண்டு கைகளையும் நீட்டினார்.

துட்டிக்கு வந்தவர் நீட்டும் கையைச் செத்தவரின் பிள்ளை தொட வேண்டும். கணேசபாண்டியன் வாயைத் திறந்தான். முடி நட்டேன் என்று எப்படிச் சொல்வது? கேம்ப்பே சிரிக்கும். இனி வரப்போகிற பெண்வீட்டுக்கும் அது எட்டும். வாயை மூடிக்கொண்டு பிச்சையாவின் கையைத் தொட்டான்.

பிறகு வரிசையாக எல்லார் கையையும் தொட்டான். பிச்சையாவின் மனைவி ஆறுமுகத்தாய் அவனுடைய ஊர்க்காரி. தரையில் உட்கார்ந்து, அய்யா அவனைத் தோளில் சுமந்து கோயில் கொடை பார்க்கப் போனதையும், பனங்கிழங்கு அவித்துக் கொடுத்ததையும் சொல்லி ஒப்பாரி வைத்தாள். எல்லாம் நிஜம். அவனுக்கும் அழுகை வந்தது. அது வெட்கத்தில் வந்த அழுகை என்று யாருக்குத் தெரியும்? "அழுல, நல்லா அழுதுரு" என்று முதுகைத் தடவினார்கள்.

அப்போதுதான் மில்லில் வேலை பார்க்கும் செல்லப்பாண்டி சொன்னான்: "நான் நாளைக்கு மெட்ராஸ் மெயில்ல ஊருக்குப் போறேம்லா. ஒங்கம்மையப் பாத்துத் துட்டி கேட்டுட்டு வாரேன்."

செல்லப்பாண்டி போய்த் தட்டினால் கதவைத் திறப்பது அய்யாதான். கணேசபாண்டியன் துண்டை அவிழ்த்தான்.

"அய்யா நல்லா இருக்காரு. இது... முடி நட்டுக்கிட்டேன்."

ஒப்பாரி பாதியில் நின்றது. எல்லாரும் பொருக்குகளைப் பார்த்தார்கள். இப்போது சிரிப்பார்கள், இப்போது சிரிப்பார்கள் என்று குனிந்து காத்திருந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறுமுகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள்.

பிச்சையா மட்டும் வாசலில் நின்றார். அவன் தலையை அவர் பார்க்கவே இல்லை.

"முடி நட்டா நட்டுட்டுப் போ. அதுல என்னல இருக்கு?" என்றார். "உசிரோட இருக்க அப்பனுக்குத் துட்டிக்குக் கையக் குடுத்துட்டியேல."