காதில் வைத்த பஞ்சு

...தீம் பார்க் என்று இவர் நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டியபோதே எனக்குச் சந்தேகம்தான், ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு வருஷாவருஷம் ராட்டினம் போடுகிற அதே பொட்டலில் திடீரென்று தீம் பார்க் எங்கிருந்து முளைக்கும், ஆனாலும் கிளம்பி வந்தாயிற்று, நாலு மாதப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ்ஸில் நெருக்கியடித்து... உள்ளே வந்து பார்த்தால் போன வருஷத்து ராட்டினம், போன வருஷத்து மரணக் கிணறு, புதிதாக ஒரு டைனோசர், அதற்கும் வாலில் பெயிண்ட் உரிந்து கம்பி தெரிகிறது. இவருக்கு அந்த டைனோசர் மேல் கண்ணே போகவில்லை. நேராக ராட்டினத்துக்கு அடியில் போய்க் குனிந்து நின்றுகொண்டார். கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் அடிக்கிற மனிதர், எங்கே போனாலும் இரும்பும் இரும்பும் சேர்ந்த இடத்தைத்தான் பார்ப்பார், கல்யாணத்தன்று மண்டபத்து கேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று உடனே ஒரு யோசனையும் வந்தது.

திங்கட்கிழமை லீவு முடிகிறது. அதற்கு மேல் போகாவிட்டால் மில்லில் பேரை எடுத்துவிடுவார்கள், என் இடத்துக்கு ஆள் தயாராக நிற்கிறது, போனால் பிள்ளையை யார் பார்ப்பது... மதினி இருக்கிறார், இவருடைய அக்கா வெள்ளத்தாய், எங்களோடேயே இருப்பவர், இங்கேயும் கூட வந்திருக்கிறார், பார்க்க மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "பிள்ள செத்த நேரமாவது கண்ணசரணும்லட்டி பாலம்மா, பகலுந் தூங்கல, ராவுந் தூங்கல, ஒத்தையில எனக்கு ஏலாது" என்றார், அது நியாயம்தான், எனக்கே ஏலவில்லையே. பால் சூடு என்றார்கள், வெந்தயம் குடித்தேன். கண்ணேறு என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டோம். சத்தம்தான் காரணம் என்று இவர் ஒரு நாள் கண்டுபிடித்தார், அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை, தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றினோம், ரேடியோவை மூட்டை கட்டினோம், கடகடவென்று ஆடுகிற மேசை ஃபேனைப் பரணில் ஏற்றினோம், குக்கர் விசில் அடிப்பதற்குள் இறக்கி வேகாத பருப்பைத் தின்றோம், இவர் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுத் திருடன் மாதிரி உள்ளே வருவார். அந்த அமைதியில் பாப்பா கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடக்கும், பிறகு வீல் என்று ஆரம்பிக்கும். என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைப்பேன், மற்றவர்களுக்கெல்லாம் பிள்ளை தூங்குகிறதே, பெற்றவளின் கை பட்டால் அடங்காத பிள்ளை உண்டா... யாரிடமும் சொல்லவில்லை, அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

இங்கேயும் கேட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பஞ்சைத்தான் எடுத்தேன். மில் பழக்கம், ஸ்பின்னிங்கில் நுழையும்போது இரண்டு காதுக்கும் பஞ்சு உருட்டிக்கொள்வது, ஆறு வருஷப் பழக்கம் லேசில் போகுமா, பாப்பா காதிலும் பட்டும் படாமல் வைத்து மேலே துண்டைச் சுற்றிக் கட்டினேன். பத்தடி போகவில்லை, ஆரம்பித்துவிட்டது. முகமெல்லாம் சிவந்து, காலை உதைத்து, பஞ்சு மிட்டாய் வாங்க நின்ற சனமெல்லாம் என்னையே பார்த்தது, ஒரு அம்மாள் "பசிக்கோ என்னமோ, பாலைக் குடும்மா" என்றது, கொடுத்துவிட்டுத்தானே வருகிறேன்... ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். ராட்டினத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் ஒரு மனிதர்கூட நிற்கவில்லை, நிற்க முடியாது, அம்புட்டுச் சத்தம். இங்கே அழுதால் யாருக்கும் கேட்காது, அழுது தீர்க்கட்டும், கூட நானும் அழலாம் என்று போய் நின்றேன். உதைத்த உதையில் துண்டு நழுவி, பஞ்சு இரண்டும் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். பாப்பா வாயை மூடியது. தலையைச் சத்தம் வந்த பக்கம் திருப்பியது, எதையோ அடையாளம் பார்ப்பது போல ஒரு பார்வை, அப்புறம் கண் சொக்கி, உடம்பு துவண்டு, என் தோளிலேயே தூங்கிப்போனது.

நான் அசையவில்லை. மதினி தேடிக்கொண்டு ஓடிவந்து, பிள்ளை கிடந்த கிடையைப் பார்த்துப் பதறி, மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார், மூச்சு வந்தது. பிறகு என் காதோடு வாயை வைத்து, "இந்த எரைச்சல்லயா தூங்குது" என்றார். இவரும் வந்தார். "வெல்டிங் எல்லாம் கெட்டியாத்தான் இருக்கு, ஏறலாம்" என்று ஏதோ தானே ராட்டினத்தைச் செய்தவர் மாதிரி சொன்னார். மதினி பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க, நான் இங்கனயே நிக்கேன்" என்றார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக என் கை இரண்டும் சும்மா இருந்தன, எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ராட்டினத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே போகப் போகக் கோபுரம் தெரிந்தது, அதற்குப் பின்னால் செண்பகத்தோப்பு மலை, காற்று முகத்தில் அடித்தது, நன்றாக இருந்தது, மனசுவிட்டுச் சொல்வதென்றால் ரொம்ப நன்றாக இருந்தது. இவர் கம்பியை ஆட்டிப் பார்த்தபடியே வந்தார். சரியாக உச்சியில் எங்கள் பெட்டி நிற்கும்போது ஜெனரேட்டர் அடங்கிவிட்டது. ராட்டினம் நின்றது, பாட்டு நின்றது, கீழே யாரோ டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "டீசல் இருக்கான்னு பாக்க மறந்துட்டேனே" என்றார் இவர். அப்படி ஓர் அமைதி. அதற்குள்ளிருந்து ஓர் அழுகை கிளம்பி மேலே வந்தது, எத்தனை பிள்ளைகள் அழுதாலும் அந்த அழுகை எனக்குத் தெரியும், என் மார்பில் பால் கசிந்தது, இறங்க வழியில்லை... மதினி இடுப்பை ஆட்டி ஆட்டித் தாலாட்டுவது சின்னதாகத் தெரிந்தது, ஒன்றும் எடுபடவில்லை. அப்புறம் ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டது. அழுகை நின்றதா, சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லையா? மதினி அண்ணாந்து பார்த்தார், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார், தூங்கிவிட்டதாம்.

மில்லில் நாங்களும் அப்படித்தான். சீனியம்மாள் அடுத்த மிஷினில் நின்றுகொண்டு உதட்டை அசைப்பாள், கையைக் காட்டுவாள், சாப்பிட்டாயா, பிள்ளை உதைக்கிறதா, எல்லாம் ஜாடைதான், எட்டு மணி நேரம் வாயிலிருந்து ஒரு சொல் சத்தமாக வராது. எட்டு மாதம் வரைக்கும் அப்படித்தான் வேலை பார்த்தேன். என் காதில் பஞ்சு இருந்தது. வயிற்றுக்குள் இருந்தவளுக்கு யார் பஞ்சு வைத்தார்கள்? நான் பேசி அவள் கேட்டதெல்லாம் சாயங்காலம் இரண்டு வார்த்தை, மற்ற நேரமெல்லாம் அந்த மிஷின்தான் அவளோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, அதைப் போய் நாங்கள் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றி...

"வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய ஃபேன எறக்குங்க" என்று கத்தினேன். இவருக்குக் கேட்கவில்லை. உதட்டை நன்றாக அசைத்து, விரலைச் சுழற்றிக் காட்டினேன், புரிந்து சிரித்தார். பரணில் இருக்கிற ஃபேன் போதும், மதினி பார்த்துக்கொள்வார், திங்கட்கிழமை நான் போகலாம். சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே சந்தோஷம்தான், நாலு மாதத்துத் தூக்கமெல்லாம் சேர்ந்து எனக்கும் கண் சொக்கியது. பெட்டி மெதுவாகக் கீழே இறங்கியது. மதினி தோளில் பாப்பாவின் முகம் ஜெனரேட்டர் பக்கமே திரும்பியிருந்தது. அந்தச் சத்தத்தைத்தான் அவள் அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளா? அப்படியென்றால் தினமும் கையில் வைத்து ஆட்டுகிற என்னை, யார் என்று நினைத்திருப்பாள்...