சத்தம் போடாத பதினாலாம் நம்பர்

திருவிடந்தைக் கோயில் வளைவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். பெயர் கண்ணகி. ஸ்டாண்டில் என் நம்பர் பதினாலு. பதினேழு வண்டியில் பெண் ஓட்டுவது என்னுடையது ஒன்றுதான்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு சட்டம். வரிசையில் முதலில் நிற்கிற வண்டி எஞ்சினை அணைக்கக் கூடாது. அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டுத்தான், வண்டி கிளம்பப்போகிறது என்று கோயில் ஜனம் ஓடிவந்து ஏறும். ஆள் நிரம்ப அரை மணி ஆனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அணைத்தால் கடைசிக்குப் போக வேண்டும். இதை யார் எப்போது போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள், நானும் நின்றேன்.

முதல் வண்டியின் சைலென்சர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் காசியம்மாளின் மாலைக் கடை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இங்கே வந்து பெருமாளுக்கு மாலை சாத்தி, ஒன்றைத் தங்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றுவார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதனால் காசியம்மாளுக்கு வியாபாரத்துக்குக் குறைவில்லை. மூச்சுக்குத்தான் குறை. இடுப்பில் சுருக்குப்பையோடு, மூச்சிரைப்புக்கு உறிஞ்சுகிற இன்ஹேலர் பம்பையும் செருகியிருப்பாள்.

போன வருடம் என் டீசல் வண்டி புகைப் பரிசோதனையில் இரண்டாம் தடவையாகத் தோற்றது. திரும்பி வந்தபோது காசியம்மாள் ஒரு ஈரத்துணியால் மாலைகளை ஒற்றிக்கொண்டிருந்தாள். துணி கறுப்பாக இருந்தது. பதினோரு வருடத்தில் அவள் முகத்தில் நான் எவ்வளவு ஊதியிருப்பேன் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. டீசலை விற்றுவிட்டு பேட்டரி வண்டி எடுத்தேன்.

ஸ்டாண்டு செயலாளர் நரசிம்மன் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டு வந்தாயா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் அவர் சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எஞ்சின் ஓடாத வண்டிக்கு மொத எடம் கெடையாது. சட்டம்னா சட்டம்தான், கண்ணகி."

முதல் இடம் இல்லை என்றால் சவாரி இல்லை. என் முறை வரும்போதெல்லாம் என்னைக் கடைசிக்கு அனுப்பினார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றால் இரண்டு நடை. பேசாமல் வேறு ஊர் பார்க்கச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

ஜோயல்தான் வழி சொன்னான். அவனும் ஸ்டாண்டில் ஓட்டுகிறவன். தன் டீசல் வண்டிச் சத்தத்தை போனில் பதிவு செய்து கொடுத்தான். நான் ஒரு ஸ்பீக்கர் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்தேன். முதல் இடத்தில் நின்று அதைப் போட்டேன். கடகடகட. நரசிம்மன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்கே நம்ப முடியவில்லை. நாலு நாள் அப்படியே ஓடியது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்த நாள் வேறு, காலையிலேயே நல்ல கூட்டம். நான் முதல் இடத்தில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நின்றேன். காசியம்மாள் பூ கட்டிக்கொண்டே கேட்டாள்.

"பொகையே இல்லாத வண்டிக்கு எதுக்குடி இந்த சத்தம்? நீயும் பயந்துக்கினியா?"

பயந்துதான் போயிருந்தேன். சீட்டைத் தூக்கி ஸ்பீக்கரை அணைத்தேன். எடுத்து அவள் பூக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நரசிம்மன் டீக்கடையிலிருந்து வந்தார். சத்தம் எங்கே என்றார். இனிமேல் வராது, நகரவும் மாட்டேன் என்றேன். இதெல்லாம் ஊருக்குச் சீன் காட்டுகிற வேலை என்றார்.

"உன் கரண்டு மட்டும் எங்கேருந்து வருது? அதுவும் கரி எரிச்சுத்தானே வருது?"

"கரி எரிக்கிற எடத்துலயும் கேக்கணும் அண்ணாத்த, கேக்கலாம். ஆனா அந்தப் பொக காசியம்மா மூஞ்சில வரலையே. அதுக்கு பதில் சொல்லு."

நரசிம்மன் தன் வண்டியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. புகை நேராக என் வண்டிக்குள் வந்தது.

அந்த நேரம் பார்த்து கோயிலிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கழுத்தில் மாலை. பொத்தேரியிலிருந்து வந்தவர்கள், கோவளம் போய் பஸ் பிடிக்க வேண்டும். என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். நரசிம்மன் அவர்களை இறங்கி அடுத்த வண்டியில் ஏறச் சொன்னார். அந்த அம்மா மகளின் மாலையை முகர்ந்து பார்த்தார்.

"இந்த மாலைய கல்யாணம் ஆகற வரைக்கும் பூஜை ரூம்ல வெச்சுக்கணும் சார். இப்பவே டீசல் வாடை அடிக்குது. நாங்க இறங்கல."

நானும் இறங்கவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பின்னால் ஒரு வண்டியைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினார்கள். யாரோ ஹாரனை அழுத்தினார்கள். ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு நகர்ந்தால் இனி எப்போதும் கடைசியில்தான் என்று தெரியும்.

காசியம்மாள் எழுந்தாள். தன் முக்காலியை இழுத்துக்கொண்டு போய் நரசிம்மன் வண்டியின் சைலென்சருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து பம்பை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்தாள்.

"நகரு காசியம்மா," என்றார் நரசிம்மன்.

"இத்தினி வருசம் ஓரமா ஒக்காந்து பொகைய துன்னேன். இன்னிக்கி நேரா ஒக்காந்து துன்றேன். நீ ஓட்டு நைனா."

அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவில்லை. மாலை வாங்க வந்த ஜனம், டீக்கடைக்காரர், ஜோயல் எல்லாரும் நரசிம்மனையே பார்த்தார்கள். அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. பின்னால் ஜோயலும் அணைத்தான். இன்னும் இரண்டு பேர் அணைத்தார்கள்.

காசியம்மாள் பம்பை உறிஞ்சி, மூச்சு வந்ததும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

வண்டியை எடுங்கள், நான் கிளம்ப வேண்டும் என்றேன். நரசிம்மன் சாவியைத் திருப்பினார். டக். மறுபடி திருப்பினார். டக். எஞ்சின் எழும்பவில்லை.

ஜோயல்தான் முதலில் சிரித்தான். "அண்ணாத்த, செல்ஃப் ஸ்டார்ட் எப்பலேருந்து வேல செய்யல?"

நரசிம்மன் தினமும் காலையில் வீட்டுத் தெருவில் நாலு பேரை வைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்தால், சாயங்காலம் வரை அணைக்காமல் ஓட்டுவாராம். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து சொன்னார். அணைத்தால் எழும்பாத வண்டிக்காக ஒரு சட்டத்தை இவ்வளவு நாள் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்.

நான் இறங்கினேன். ஜோயலும் நானும் அவர் வண்டியில் கை வைத்துத் தள்ளி ஓரம் கட்டினோம். அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு என் வண்டியில் ஏறிக் கிளம்பினேன். வண்டி சத்தம் இல்லாமல்தான் போனது. கோவளத்தில் இறங்கும்போது மாலை போட்ட பெண், கல்யாணம் ஆனதும் உங்கள் வண்டியில்தான் வருவோம் அக்கா என்றாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. டீக்கடைச் சுவரில் அன்றன்றைய வரிசையை எழுதுகிற பலகை இருக்கிறது. மறுநாள் காலையில் போனால் பதினாலை அழித்திருந்தார்கள். நான் எழுதினேன். அதற்கு மறுநாளும் அழித்திருந்தார்கள். அப்புறம் தினமும் இப்படித்தான், இன்றைக்குக் காலையிலும்தான்.

ஹேண்டிலுக்குப் பக்கத்து டப்பாவில் ஒரு பெட்டி சாக்பீஸ் வைத்திருக்கிறேன். பாதிதான் தீர்ந்திருக்கிறது.