ஊதாத ட்ராம்போன்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு இசைக்கருவிக் கடைக்காரர்கூட வெர்லின் டாக்கெட்டைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. கார் டிக்கியில் ஒரு கித்தார், ஒரு ஒலிபெருக்கி, காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி ஒன்று. இவற்றோடு, பெட்டியைச் செய்த சிகாகோ கம்பெனி அவனை ஊர் ஊராக அனுப்பியிருந்தது. பெட்டியைக் கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே மாட்டி மிதித்தால், தெளிவாக வந்துகொண்டிருந்த நாதம் கரகரத்துத் தடித்துவிடும். நாஷ்வில்லில் ஏதோ ஒரு பாட்டுப் பதிவில் கருவி பழுதாகி அந்தக் கரகரப்பு வந்ததாகவும், கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போனதாகவும் சொன்னார்கள். ஆனால் பழுதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? கித்தாரிலேயே பித்தளை ஊதுகுழலான ட்ராம்போனை வாசிக்கலாம், பெரிய பிடிலான செல்லோவை வாசிக்கலாம் என்றுதான் கம்பெனி விளம்பரம் செய்தது.

வெர்லினை வேலைக்கு எடுத்ததும் அதனால்தான். எவான்ஸ்வில்லில் ஒரு நடனக் குழுவில் பல வருடம் ட்ராம்போன் ஊதியவன் அவன். பனியில் கார் சறுக்கி மரத்தில் மோதியபோது முன்பற்கள் போயின. மேலுதடு மரத்தே போனது. பொய்ப்பல் கட்டிக்கொண்டு ஊதிப் பார்த்தான். வெறும் காற்றுதான் வந்தது. குழு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. மனைவி லோரீன் ஒரு வருடம் பொறுத்திருந்துவிட்டு டல்சாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அவன் வீட்டில் வாயைத் திறப்பதையே விட்டிருந்தான், அவ்வளவுதான்.

வின்சென்ஸ் ஊரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஹோபார்ட் க்ளெம் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. போன வருடம் வாங்கிய மூன்று பெட்டிகள் அக்கார்டியன்களுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்ததைக் காட்டினார். வெர்லின் விடவில்லை. கித்தாரை மாட்டி, ட்ராம்போனுக்கென்றே எழுதிய பழைய மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினான். க்ளெம் கடைசிவரை கேட்டார்.

"ரேடியோவுல இப்படிச் சத்தம் வந்தா என்கிட்டதான் ரிப்பேருக்குக் கொண்டு வருவாங்க. நீ ரிப்பேரையே விக்க வந்திருக்கியேப்பா" என்றார்.

"இது ட்ராம்போன் மாதிரி, சார்."

"நீ ட்ராம்போன் கேட்டிருக்கியா?"

வெர்லின் ஒயர்களைச் சுருட்டினான்.

மறுநாள் மழை விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்தது. சாலையை மூடிவிட்டார்கள். ஊருக்கு வெளியே இருந்த மோட்டலில் அவன் அடைந்து கிடந்தான். காலையில் அவித்த பீன்ஸை டின்னிலிருந்தே சாப்பிட்டான். மத்தியானம் வேறு வேலை இல்லாமல் கித்தாரை எடுத்தான். ஒலிபெருக்கியைச் சுவரோரம் வைத்து, அதே மெட்டைத் தாழ்வாக வாசித்தான். நாலு அடி தூரத்தில் அது டப்பாவுக்குள் மாட்டிய குளவிபோல இரைந்தது. க்ளெம் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திட்டு வாங்கத் தயாராகத்தான் திறந்தான். பக்கத்து அறைக்காரி நின்றிருந்தாள். தலைமுடி நரைக்கத் தொடங்கியவள், வீட்டுச் செருப்போடு, மேல்கோட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். பெயர் ஆர்டித் ப்ரூனர் என்றும், கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது, சாலை மூடியதால் இன்று போய்ப் பார்க்க முடியவில்லை என்றும் மூச்சு விடாமல் சொன்னாள். பேச ஆள் கிடைத்தால் போதும் என்பது போலிருந்தது.

"ட்ராம்போன் வாசிக்கிறது நீங்களா?" என்று கேட்டாள்.

விலகி நின்று, கட்டில்மேல் கிடந்த கித்தாரைக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். பெட்டியை மிதித்து ஒரு கம்பியை மீட்டிக் காட்டினான். அவள் முகம் சுருங்கியது.

"இது இல்லீங்க. நான் கேட்டது வேற."

"இதேதான்மா. சுவர் வழியா வந்ததுல மாறியிருக்கும்."

அவள் சுவரைப் பார்த்தாள். "அப்ப நான் அந்தப் பக்கமே போயிடறேன். நீங்க வாசிங்க" என்றாள்.

அவன் வாசித்தான். வெகுநேரம் வாசித்தான். நடனக் குழுவில் ஊதிய பாட்டுகள் எல்லாவற்றையும், மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் பழக்கத்தில் மூச்சு வாங்கியபடியே வாசித்தான். சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒருமுறை மட்டும் நாற்காலி நகர்ந்தது. அழுகிறாளா, தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை. போய்க் கேட்கவும் அவனுக்குத் துணிச்சல் இல்லை.

காலையில் வெயில் வந்து சாலை திறந்தது. அவன் எழுந்தபோது அடுத்த அறை காலியாக இருந்தது. வேலைக்காரப் பெண் படுக்கையை உதறிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். அறையில் சூடு போதவில்லை என்று சொன்னாளாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காதில் விழுந்ததை அவனும் கேட்க வேண்டும். அந்த நினைப்பு அவனை அங்கிருந்து கிளம்பவிடவில்லை. ஒலிபெருக்கியைக் குளியலறையில் வைத்தான். கையிலிருந்த ஒயர்களை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினான். கதவைச் சாத்தி, இடுக்கில் போர்வையைத் திணித்தான். பிறகு கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்து மெட்டைத் தொடங்கினான்.

ட்ராம்போன்தான். கரகரப்பு கதவிலேயே தங்கிவிட, பித்தளையின் உருண்ட குரல் மட்டும் வெளியே வந்தது. எவான்ஸ்வில் மேடையில் கேட்ட அதே குரல். கண் கலங்கும் என்று நினைத்தான், கலங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வேறொருவன், முழுப் பல்வரிசையோடு, நிம்மதியாக ஊதிக்கொண்டிருப்பது போலிருந்தது. அவன் வாசிக்கிற வரைக்கும் இங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு வேலையில்லை. பாதி மெட்டில் கையை எடுத்தான்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தான். அந்த மெட்டை விட்டுவிட்டு, எந்த வாத்தியமும் வாசிக்காத ஒன்றை, கட்டை விரலால் தடித்த கம்பியை அடித்து அடித்து, அது சீறுகிற சீற்றத்தோடே வாசித்தான். வேலைக்காரப் பெண் வந்து நிறுத்தச் சொல்லும்வரை வாசித்தான்.

அடுத்த ஊர்களில் அவன் ட்ராம்போன் என்ற பேச்சை எடுக்கவில்லை. அதுவும் உதவவில்லை. இந்தியானாவிலேயே வாஷிங்டன் என்ற சின்ன ஊரில் ஒரு கடைக்காரர், "இது எது மாதிரின்னு சொன்னாத்தானே விக்க முடியும்?" என்று கேட்டார்.

"எது மாதிரியும் இல்ல, சார்."

அவர் சிரித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டினார்.

வசந்தத்தில் கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்தியது. மாதிரிப் பெட்டியைத் திருப்பி அனுப்பவா என்று எழுதிக் கேட்டான். யாருக்கும் வேண்டாம் என்றார்கள். ஓவன்ஸ்பரோவில் ரொட்டி வண்டி ஓட்டப் போனான். இரண்டு வருடம் கழித்து நாடெங்கும் பையன்கள் அந்தச் சத்தத்துக்கு அலைந்தபோது, கடைகளில் பெட்டி கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெர்லின் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, தன்னிடமே தங்கிப்போன அந்தப் பெட்டியை மிதித்து வாசித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.