காலையின் மப்பு

பள்ளி வேனில் பிள்ளைகள் இருக்கும்வரை காதின் தொல்லை தெரியாது. ஒருவன் அழுவான், ஒருத்தி பாடுவாள், பின்னால் யாராவது யாரையாவது கிள்ளுவார்கள். மற்ற டிரைவர்கள் அதட்டுவார்கள். அவள் அதட்டமாட்டாள். பள்ளி வாசலில் கடைசிப் பிள்ளை இறங்கியதும் அது தொடங்கிவிடும். இடது காதுக்குள், பழைய ட்யூப் லைட்டின் ரீங்காரம்.

ஒரு வருடமாக இப்படித்தான். தூக்கம் துண்டுதுண்டாக வந்தது. போன மாதம் சிக்னலில், பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். வேன் நிறையப் பிள்ளைகள். வீட்டிலும் சொல்லவில்லை, பள்ளியிலும் சொல்லவில்லை.

காது டாக்டர் சோதனைகளை முடித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"இந்தச் சத்தத்தை நிறுத்துற மாத்திரைன்னு ஒண்ணு இல்லம்மா. இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

"அப்ப நீங்க எழுதறது?"

"தூக்கத்துக்கு. மனசும் கொஞ்சம் அடங்கும். சத்தம் இருக்கும், நீங்க அதைக் கண்டுக்க மாட்டீங்க. அதுவும் எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்ல முடியாது. வாய் உலரும். காலையில மப்பா இருக்கும். அது போற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது."

"எப்பப் போகும்?"

"ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரை இல்லாமலும் பாக்கலாம். சத்தத்தோட பழகறதுக்குப் பயிற்சி இருக்கு. மெதுவாத்தான் பலன் தெரியும்."

"தூங்காம எப்படி டாக்டர் பழகறது?"

அவர் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் கணவர் மருந்துப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அது நீண்டது.

"தலைசுத்தல், மலச்சிக்கல், எடை கூடும்... இதுல இல்லாத வியாதியே இல்ல. காது இரைச்சல்னுகூடப் போட்டிருக்கான்."

"அதுதான் ஏற்கெனவே இருக்கே. மிச்சம்."

அவர் சிரித்தார். பிறகு காகிதத்தை மடிக்கப் பார்த்தார். பழைய மடிப்பு வரவில்லை.

"நீயே முடிவு பண்ணு. ஆனா ராத்திரியெல்லாம் நீ எழுந்து எழுந்து உட்கார்றதைப் பாத்து எனக்கும் தூக்கம் போச்சு."

போட்டால் மப்பு. போடாவிட்டால் சிக்னல். வெள்ளிக்கிழமை போட்டாள். விடுமுறை இரண்டு நாளும் தூங்கினாள். திங்கட்கிழமை தலை தெளிவாக இருப்பதாக நினைத்தாள். வண்டியை எடுத்தாள்.

ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் டிரைவர் பின்கோடி வரை நடக்க வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் குனிந்து, தூங்கிவிட்ட பிள்ளை யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, பின் கண்ணாடியில் தொங்கும் அட்டையை 'காலி' என்று திருப்ப வேண்டும். அவள் பார்த்தாள். திருப்பினாள். கடைசி இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள்.

"அக்கா! ஏ அக்கா!"

ஆயா உலுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட இல்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த பட்டம் அது.

"தூங்குற பிள்ளையத் தேடப் போனவ நீயே தூங்கிட்டியா? அதுவும் காலின்னு போர்டு மாட்டிட்டு!"

"மணி என்ன?"

"மத்தியான டிரிப்புக்குப் பசங்க வரிசையில நிக்குதுங்க."

"எழுப்பியிருக்கலாம்ல."

"ரெண்டு தடவை வந்தேன். வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குற. மனசு வரல."

எழுந்து நின்றாள். சத்தம் இருந்தது. பக்கத்து அறையில் யாரோ எதையோ ஓடவிட்டு அணைக்க மறந்துபோனதுபோல.

சாவியை எடுத்துக்கொண்டு போக்குவரத்துப் பொறுப்பாளரின் அறைக்குப் போனாள்.

"மாத்து டிரைவரைப் போடுங்க சார்."

மாத்திரையைப் பற்றிச் சொன்னாள்.

"அவ்வளவுதானே? அதை விட்டுடுங்க. இத்தனை நாள் நல்லாத்தானே ஓட்டினீங்க?"

"நல்லா ஓட்டல சார்."

சிக்னலைப் பற்றிச் சொன்னாள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதை ஏம்மா இப்ப வந்து சொல்றீங்க?"

"அப்ப பயப்படக்கூடத் தெம்பு இல்ல. தூங்கி எழுந்தப்புறம்தான் பயமே வருது."

அவர் ஜன்னல் வழியே வரிசையைப் பார்த்தார். எதையோ திட்ட ஆரம்பித்து விட்டுவிட்டார்.

"மாத்திரையை நிறுத்தினா தூங்க மாட்டீங்க. சாப்பிட்டா ஓட்ட மாட்டீங்க. நான் என்னதான் செய்யறது?"

"சாப்பிடப் போறேன் சார். மப்பு போற வரைக்கும் ஓட்டல."

"அது எப்பப் போகும்?"

"டாக்டருக்கே தெரியல."

"அதுவரைக்கும் உங்க இடத்தை நான் காலியா வச்சிருக்க முடியாதும்மா."

"தெரியும் சார்."

சாவியை மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் போனை எடுத்து மாற்று டிரைவரை அழைத்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"உட்காருங்க," என்றார், அவளைப் பார்க்காமல்.

உட்கார்ந்தாள். மறுபடி தூங்கிவிடாமல் இருக்க, முதுகை நாற்காலியில் சாய்க்கவில்லை.