கடைசி வாரம்

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டம் காலி செய்த செங்கம் ரோடு லாட்ஜில் எல்லா அறைக்கும் விரிப்பு மாற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள் எழிலரசி. வாசலில் மகள் கீர்த்தனா பையோடு உட்கார்ந்திருந்தாள். கீழ்பென்னாத்தூரில் புருஷன் மறுபடி கைநீட்டிவிட்டானாம்.

எழிலரசிக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி. அலமாரி அடித்தட்டிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினாள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்தது. கதை படிக்கிற வீடுகளில் அப்போதெல்லாம் இப்படி ஒன்றாவது இருக்கும்.

"இதப் படி. இவளும் பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்புவா. கடைசில திரும்பிப் போயிடுவா, அவனும் திருந்திடுவான். நீ வயித்துல இருக்கசொல்ல நானும் இப்படித்தான் வந்தேன். இதப் படிச்சிட்டுதான் உங்கப்பாகிட்டயே போனேன்."

செத்துப்போன அப்பா திருந்தினாரா என்று கீர்த்தனா கேட்கவில்லை. அம்மாவின் கோணல் மணிக்கட்டை ஒருதரம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

எழிலரசி சோறு வடித்து, சுவரோரம் சாய்ந்து கண்ணயர்ந்தாள். பொழுது சாயும்போது மகள் எழுப்பினாள்.

"ம்மா, இதுல அவ திரும்பிப் போகவே இல்லியே."

"கடைசில பாருடி."

"பாத்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கா. முடிவு அடுத்த வாரம்னு போட்டிருக்கு. அந்த வாரம் இதுல இல்ல."

எழிலரசி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு புரட்டினாள். வாஸ்தவம்தான். அந்த வாரம் கார்த்திகை தீபம். கூட்டத்தில் பத்திரிகை கைக்கு வரவில்லை. அதற்குள் அம்மா, மாமா, எதிர்வீடு என்று ஆளுக்கொரு பக்கம் 'கல்லானாலும் கணவன்' பாடினார்கள். அந்தப் பாட்டு எப்போது கதைக்குள் புகுந்ததோ! பிறகு புத்தகத்தைத் திறக்க அவளுக்கு எங்கே நேரம் இருந்தது? கதையில் அந்தப் புருஷன் திருந்தி வாசலில் வந்து நின்று அழுததுகூட அவளுக்கு மனப்பாடம். படிக்காத பக்கத்தை நம்பி இத்தனை வருஷம் உதை வாங்கியிருக்கிறாள். அழ வேண்டும்போல இருந்தது, தெம்பில்லை.

கீர்த்தனா எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "சரிம்மா, நான் கெளம்புறேன். கீழ்பென்னாத்தூருக்கு இப்ப ஒரு பஸ் இருக்கும்."

எழிலரசி பையை வாங்கித் திறந்தாள். துணிகளை எடுத்து, புத்தகம் இருந்த தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

"போவாத. லாட்ஜில ஆளு கேட்டுட்டு இருக்காங்க, காலைல என்கூட வா. இப்ப சோறு துண்ணு."