ஆணியில் மாட்டிய சாவி

கார்க்கதவின் கைப்பிடியைத் தொட்டால் போதும், திறந்துகொள்ளும். அன்றைக்குத் திறக்கவில்லை. சாந்தாமணி கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். அதில் மினுக்கும் சிவப்புப் பொட்டு விளக்கு மினுக்கவில்லை. இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்குப் பார்த்தா இந்தச் சனியனுக்கு வாய் அடைக்க வேண்டும்!

அது சாவி போட்டுத் திருகுகிற கார் அல்ல. சாவி பையில் கிடந்தாலே போதும், பொத்தானை அமுக்கியதும் கிளம்பிவிடும். அவள் புருஷன் குமாரசாமி ஆசைப்பட்டு வாங்கியது. ஆசை தீர ஓட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் சாந்தாமணி வண்டி ஓட்டப் பழகினாள். சாயங்காலம் அவிநாசி ரோட்டிலுள்ள ஒரு பேக்கரி வரைக்கும் போவாள். காருக்குள் உட்கார்ந்தபடியே டீ குடிப்பாள். "சக்கரை கம்மிங்களா?" என்று பேக்கரிக்காரர் கேட்பார். பல நாட்களில் அவளை யாராவது எதையாவது கேட்டார்கள் என்றால் அந்த ஒரு கேள்விதான். கார் இல்லையென்றால் அதுவும் இல்லை.

அந்தக் காரைத்தான் விற்கச் சொல்லிக்கொண்டிருந்தான் ஹைதராபாத்தில் இருக்கும் மகன் சுரேந்தர். போன வாரம் போனில் பேசியபோது ஒரு பந்தயம் வைத்தான்.

"வியாழக்கெழம ஆபீஸ் வேலையா கோயமுத்தூர் வாரனுங்கம்மா. ஊட்டுக்கு வர நேரமிருக்காது. திரும்பிப் போறப்ப மூணு மணிக்கு ஏர்போர்ட் வாசலுக்கு வந்துருங்க, கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாம். நீங்களே கார ஓட்டிட்டு வந்துட்டீங்கன்னா வண்டி இருக்கட்டும். இல்லாட்டி குடுத்துப்போடலாம். சரீங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வியாழக்கிழமைதான் இன்றைக்கு.

பீளமேட்டில் அவள் வீட்டிலிருந்து ஏர்போர்ட் கூப்பிடு தூரம்தான். தெருமுனையில் ஆட்டோ நிற்கிறது. ஆனால் ஆட்டோவில் போய் இறங்கினால் கார் கை நழுவிவிடும். மகனையே கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், அதைவிட வேறு வினை வேண்டாம். முன்கண்ணாடியில் சர்வீஸ் சென்டர்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன நம்பர் கண்ணில் பட்டது. கூப்பிட்டாள். முகமது ரியாஸ் என்று ஒருவர் எடுத்தார்.

"பதறாதீங்கம்மா. வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க, சாவில பேட்டரி தீந்துபோச்சு. சாவி ஓரத்துல சின்னதா ஒரு மேடு இருக்கும் பாருங்க. அத அமுக்கிட்டு இழுங்க."

இழுத்தாள். உள்ளேயிருந்து ஒல்லியாக ஓர் இரும்புச் சாவி வந்தது. இவ்வளவு நாள் கையில் வைத்திருந்தும் அவளுக்கு அது தெரியாது. குமாரசாமிக்குத் தெரிந்திருக்கும். சொல்லாமல் போய்விட்டார்.

"அதுல கதவத் தெறங்க. வண்டி கத்தும், கத்தட்டும் உடுங்க. உள்ள உக்காந்து பிரேக்க மிதிச்சுட்டு, வெரலுக்குப் பதிலா அந்தத் தீந்துபோன சாவியாலயே ஸ்டார்ட் பட்டன அமுக்குங்க. தொட்டு வெச்சா வண்டி கண்டுக்குமுங்க."

கதவைத் திறந்ததுதான் தாமதம், கார் தெருவே அதிரக் கத்தத் தொடங்கியது. பதற்றத்தில் சாவி நழுவி சீட்டுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து துழாவினாள். எதிர்வீட்டு மாடியில் ஒரு திரைச்சீலை விலகி, மறுபடி மூடிக்கொண்டது. பைக்கில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோ காரைத் திருடுகிறார்களோ என்றுகூட ஒருவரும் வந்து கேட்கவில்லை. யாராவது வந்து ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போனாலும் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சாவி அகப்பட்டது. பிரேக்கை மிதித்து, சாவியைப் பொத்தானில் வைத்து அமுக்கினாள். கத்தல் நின்றது. வண்டி உறுமியது.

"கெளம்பிருச்சுங்க!" என்று போனில் கூவினாள்.

"நல்லதுங்கம்மா. சாவிய எங்க வெப்பீங்க?"

"ஹால்ல, எங்க ஊட்டுக்காரர் போட்டோவுக்குப் பக்கத்துல ஆணில மாட்டிருவனுங்க."

போகும்போது அவரிடம் சொல்லிக்கொண்டு சாவியை எடுப்பாள். வந்ததும் சொல்லிவிட்டு மாட்டுவாள். ரியாஸிடம் அதையெல்லாம் சொல்லவில்லை.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் என்னங்க?"

"கார் நிக்குமுங்க."

"அதானுங்க. பக்கத்துல இருந்தா சாவியும் வண்டியும் ராப்பகலா பேசிட்டே கெடக்கும். பேட்டரி சீக்கிரம் தீந்துபோவும். தள்ளி மாட்டுங்கம்மா."

ஏர்போர்ட் வாசலை அடைந்தபோது மூன்று தாண்டிச் சற்று நேரம் ஆகியிருந்தது. "நிறுத்தாதீங்க, எடுங்க எடுங்க" என்று காவலர் விசிலடித்தார். கூட்டத்தில் சுரேந்தர் இல்லை. போன் அடித்தது.

"உள்ள வந்துட்டனுங்கம்மா. கூட வந்தவங்க சீக்கிரம் போலாம்னுட்டாங்க. அடுத்த தடவ ஊட்டுக்கே வாரேன்."

"நான் வாசல்லதான் இருக்கேன் கண்ணு."

"அடடா. ஆட்டோவ அனுப்பிராதீங்க, அதுலயே திரும்பிப் போயிருங்க."

"கார்ல வந்தேன் கண்ணு. நானே ஓட்டிட்டு வந்தேன்."

அவனுக்கு ஞாபகம் வரும் என்று காத்திருந்தாள்.

"ஓ, அந்த வண்டி இன்னும் ஓடுதுங்களா?" என்றான். "சரிங்கம்மா, பாத்துப் போங்க. வெக்கறேன்."

பந்தயம் வைத்தவனுக்கே அது மறந்துவிட்டது. சாந்தாமணி ஜெயித்துவிட்டாள். கார் இனி அவளுடையதுதான், அதைக் கேட்க ஆளில்லை. காவலர் மறுபடியும் விசிலடித்ததால் வண்டியை எடுத்தாள்.

வழியில் ஒரு வாட்ச் கடையில் சாவிக்குப் புதுப் பேட்டரி போட்டாள். கூடவே இன்னொன்றும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, ரியாஸ் சொன்னபடி சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். காரிலிருந்து தள்ளி, கடைசிச் சுவரில் காலி ஆணி ஒன்று இருந்தது. அதில் மாட்டினாள். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சாவியைக் கழற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்து, போட்டோவுக்குப் பக்கத்து ஆணியிலேயே மாட்டினாள்.

"வந்துட்டனுங்க" என்றாள் அவரிடம். "இந்த ஊட்டுல அதுக ரெண்டாவது பேசிட்டிருக்கட்டுமுங்க. தீந்துச்சுன்னா போடறதுக்கு இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்கேன்."