அரை அங்குல ஆட்டம்

சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து க்ளைவ் பென்ஹால் சமையலறைக்கும் கராஜுக்கும் நடந்துகொண்டே இருந்தான். ஆஸ்திரேலியாவில் ஜூலைதான் குளிர்காலம்; பாலரட் ஊரின் அந்தக் குளிரில் புத்தியுள்ளவன் ஒன்பது மணிக்கு முன் கராஜ் கதவைத் தொடமாட்டான். இவன் திறந்து, மூடி, மறுபடி திறந்தாயிற்று. டீ போட்டான், குடிக்க மறந்தான். நண்பன் பனோஸ் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பனோஸின் எட்டு மணி என்றால் எட்டே முக்கால் என்று முப்பது வருடப் பழக்கத்தில் தெரியும். இருந்தும் ஏழரைக்கே வாசலில் போய் நின்றான்.

இத்தனை அவஸ்தையும் ஒரு கார் சீட்டுக்காக. எண்பத்தொன்பதாம் வருடத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை, பட்டனை அழுத்தினால் மோட்டாரில் நகரும் சீட். அந்தக் காலத்தில் அது பெரிய பவுசு. இப்போது பிரேக் போட்டால் ஓட்டுநர் சீட் அரை அங்குலம் முன்னால் சறுக்கும், கிளப்பினால் அரை அங்குலம் பின்னால் போகும். அவன் சேர்ந்திருந்த பழைய கார் கிளப்பில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

மூன்று வாரத்துக்கு முன் ஸ்டர்ட் தெருவில் பாதசாரிகள் கடக்கும் இடத்தில் க்ளைவ் வண்டியை நிறுத்தினான். நின்ற வண்டி தானாக முன்னால் ஊர்ந்தது. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போன பெண் பானெட்டில் ஓங்கி அறைந்தாள். அந்தச் சத்தம் இன்னும் அவன் காதில் இருக்கிறது. சீட் சறுக்கிற்று, கால் பிரேக்கை விட்டு வந்துவிட்டது, அவ்வளவுதான் என்றான் அவன். பக்கத்தில் இருந்த மனைவி நோலீன் வேறு மாதிரி சொன்னாள்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன் க்ளைவ். நீ திரும்பவே இல்ல. கண்ணு திறந்திருக்கு, ஆளக் காணோம். டாக்டர்கிட்ட போலாம்."

"சீட்டு ஆடினதுக்கு டாக்டரா? மெக்கானிக்குதான் பாக்கணும்."

அவன் முப்பத்தொரு வருடமாக பஸ் ஓட்டுகிறவன். திங்கள் முதல் வெள்ளி வரை நாற்பது பள்ளிப் பிள்ளைகளை புனின்யாங் சாலையில் ஏற்றி இறக்குகிறவன். கோளாறு சீட்டில் இருந்தால் எல்லாம் சரி. அவனுக்குள் இருந்தால் பஸ் போச்சு, லைசென்ஸ் போச்சு. அவனுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் இணையத்தில், சீட்டின் ஆட்டத்தை நிறுத்தும் நாலு நைலான் வளையங்களுக்கு ஆர்டர் போட்டான்.

பனோஸ் எட்டு ஐம்பதுக்கு வந்தான். கைகளைத் தேய்த்துக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்தான். பட்டனை அழுத்தினான். சீட் அசையவில்லை.

"பேட்டரிய கழட்டிட்டியா?"

"முதல் வேலையே அதுதான். பாதுகாப்பு."

"அட மண்டூகமே! சீட்ட முழுசா பின்னாடி தள்ளினாத்தான் முன் போல்ட்டு தெரியும். முன்னாடி தள்ளினாத்தான் பின் போல்ட்டு தெரியும். கரண்ட்ட புடுங்கிட்டு எதால தள்ளப் போற, தும்பிக்கையாலயா?"

"சரிடா, மாட்டிடறேன். கத்தாத."

"பஸ்காரன் கையில ஸ்பேனர் குடுத்தா இப்படித்தான். எத்தனை மணிக்கு எழுந்த?"

"ஆறு."

"பொய்."

உண்மையில் நாலரைக்கே எழுந்துவிட்டான்.

பேட்டரியை மாட்டி, சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். பிறகு முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். அப்புறம் பேட்டரியை மறுபடி எடுத்துவிட்டு, சீட்டை வெளியே தூக்கிப் பழைய கம்பளியின் மேல் கவிழ்த்தார்கள். சீட்டை நகர்த்தும் நீள ஸ்குரூ பக்கத்துக்கு ஒன்று. அவற்றின் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் இல்லை. இருந்த இடத்தில் கருகிய ரொட்டித் தூள் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

க்ளைவுக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. அந்தத் தூளை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான்.

"பாரு நோலீன், பாரு! இதுதான். ரப்பரே இல்ல. சீட்டு ஆடாம என்ன பண்ணும்?"

நோலீன் அடுப்பிலிருந்து சாஸேஜ் ரோல் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தூளைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லது க்ளைவ். சரியாப் போனா எனக்கும் சந்தோஷம்தான். கையக் கழுவிட்டு சாப்பிடு."

அவள் அப்படிச் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம்.

பனோஸ் சாஸேஜ் ரோலில் தக்காளி சாஸ் ஊற்றிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தைக்கூட க்ளைவால் பொறுக்க முடியவில்லை. நாலு வளையங்களையும் தானே பொருத்தினான். அதோடு விட்டிருக்கலாம். சுலபமாகச் சுற்றுகிறதா பார்ப்போம் என்று இடது பக்க ஸ்குரூவைக் கையால் பத்துச் சுற்று சுற்றிவிட்டான். பிறகு சீட்டைத் தூக்கி வைத்தால் ஒரு தோள் முன்னால் போன ஆள் மாதிரி கோணிக்கொண்டு நின்றது. போல்ட்டு எந்தத் துளையிலும் இறங்கவில்லை.

"ரெண்டு பக்கமும் சேந்து நடக்கணும்டா. ஒரு பக்கத்த மட்டும் திருகினா சப்பாணிதான். வெளிய எடு."

"மறுபடியுமா?"

"மறுபடிதான். உன் பின்னாடி யாரு துரத்தறா?"

பனோஸ் இரண்டு ஸ்குரூவையும் கடைசி வரை சுற்றி, அளவுகோல் வைத்துச் சமமாக்கும்வரை க்ளைவ் கராஜுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கிளப் அனுமதியில் ஓடும் பழைய வண்டிக்கு ஒரு பதிவேடு உண்டு. வண்டியை எடுக்கும் நாளில், எடுப்பதற்கு முன்பே, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பதிவில்லாத வண்டி ஓட்டிய குற்றம். க்ளைவ் அதை எடுத்து இன்றைய தேதியை எழுதினான்.

"சீட்டு இன்னும் தரையில கெடக்கு. அதுக்குள்ள கையெழுத்தா?" பனோஸ் சிரித்தான். "கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு அவசரப்படல."

பேட்டரியை மறுபடி மாட்டி, பதினொன்றரைக்குக் கடைசி போல்ட்டை இறுக்கினார்கள். பனோஸ் சீட்டின் முதுகைப் பிடித்து உலுக்கினான். கார் மொத்தமும் ஆடியது, சீட் தனியாக ஆடவில்லை. "பாறை" என்று சொல்லிவிட்டு மீதி சாஸேஜ் ரோலைத் தேடி உள்ளே போனான்.

"நோலீன், வா! ஒரு ரவுண்டு. நீ பக்கத்துல இருந்து பாக்கணும்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தெருமுனையில் நிறுத்தினான். சீட் அசையவில்லை. அடுத்த ரவுண்டானாவில் வேண்டுமென்றே அழுத்திப் பிரேக் போட்டான். அசையவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ரேடியோவைப் போட்டான், கால்பந்து வர்ணனை கேட்டது, அணைத்தான். பேச வேண்டும் போலிருந்தது.

ஏரிக்கரைச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பதமாக நிறுத்தினான்.

"பாத்தியா? மயிரிழை கூட நகரல" என்று சொல்லிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான்.

நோலீன் இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்திருந்தாள். அது முழுதாக மேலே இழுக்கப்பட்டிருந்தது. காரின் மூக்கு வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் போயிருந்தது. நாயோடு நின்ற ஒருவர் அவனையே முறைத்துக்கொண்டிருந்தார். விளக்கு பச்சையாக இருந்தது. எப்போது மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். "யோவ், இதுக்கு மேல பச்சையாகாதுய்யா! கெளம்பு!"

"எப்ப இழுத்த?" க்ளைவ் கேட்டான்.

"நீ நிறுத்தின உடனே. கால எடுத்துட்ட. வண்டி நகந்துச்சு."

"ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "கத்திக் கூப்பிட்டேன் க்ளைவ்."

அவன் முதுகால் சீட்டை இடித்தான். மறுபடி இடித்தான். அரை அங்குலம் வேண்டாம், கால் அங்குலம் ஆடினால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் உலுக்கினான். கார்தான் குலுங்கியது. சீட் பனோஸ் சொன்ன மாதிரியே இருந்தது.

கதவைத் திறந்து இறங்கினான். பின்னால் இருந்தவன் வசைபாடிக்கொண்டே சுற்றிப் போனான். க்ளைவ் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தபோது நோலீன் அவன் இடத்துக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பெடல் எட்டவில்லை. பட்டனை அழுத்தினாள். இரண்டு பக்கமும் ஒன்றாக, ஒரு நடுக்கமும் இல்லாமல், சீட் அவளை முன்னால் கொண்டுபோனது.

"பஸ் டிப்போவுக்கு நான் பேசட்டுமா?" என்றாள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

"வேணாம்." அவன் போனை எடுத்து எண்ணைத் தேடினான். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"நான் க்ளைவ். திங்கக்கிழமை என் பஸ்ஸுக்கு வேற ஆளப் போடுங்க."